ஓட்ட ஷூ இல்லாமல் ஓட ஆரம்பித்தீர்களா? வலி எங்கே என்று முதலில் சொல்லுங்கள்

ஓட ஆரம்பித்துப் பத்து நாள் ஆகிறது, கால் வலிக்கிறது, ஓட்டத்துக்கென்று செய்த ஷூ இல்லாததுதான் காரணமா என்று கேட்பவர்கள் பெரும்பாலும் "ஆமாம்" என்ற பதிலை எதிர்பார்த்தே கேட்கிறார்கள். ஆமாம் என்று சொல்லிவிட்டால் ஷூ வாங்கும் வரை ஓட வேண்டியதில்லை. ஷூ வாங்குவதோ அடுத்த மாதம், அதற்கடுத்த மாதம் என்று தள்ளிப்போகும். நானும் இப்படியே ஒரு வருடத்தைக் கடத்தியவன். பிறகு வீட்டில் கிடந்த கேன்வாஸ் ஷூவை மாட்டிக்கொண்டு கிளம்பி, கீழே எழுதியிருக்கும் கோளாறுகளில் பாதியை ஆறே வாரத்தில் சம்பாதித்துக்கொண்டேன். அவற்றில் ஷூவின் குற்றம் என்று உறுதியாகச் சொல்லக்கூடியவை இரண்டோ மூன்றோதான். மற்றதெல்லாம் என் அவசரம்.

கோளாறு வாரியாக எழுதியிருக்கிறேன். உங்களுக்கு எது இருக்கிறதோ அங்கே நேராகப் போகலாம். போவதற்கு முன் மூன்றைக் கவனித்து வைத்துக்கொள்ளுங்கள். வலியை ஒரே விரல் நுனியால் தொட்டுக் காட்ட முடிகிறதா, உள்ளங்கையால் தடவித்தான் காட்ட முடிகிறதா? ஓட ஆரம்பிக்கும்போது இருந்து பிறகு குறைகிறதா, ஓட ஓடக் கூடுகிறதா, மறுநாள் காலையில்தான் தலைகாட்டுகிறதா? இரண்டு காலிலுமா, ஒன்றில் மட்டுமா? இரண்டு காலிலும் பரவலாக இருந்து நாளுக்கு நாள் குறைந்துவரும் வலி, பழக்கமில்லாத தசையின் முனகல். ஒரு காலில், ஒரு புள்ளியில், நாளுக்கு நாள் கூடும் வலியை அப்படிச் சமாதானம் சொல்லி ஒதுக்க முடியாது.

நெஞ்சில் அழுத்தம், கண் இருட்டிக்கொண்டு வருவது, ஒரு பக்க ஆடுசதை மட்டும் வீங்கிச் சிவந்து சூடாக இருப்பது ஆகியவற்றுக்கு இங்கே வழி தேடாதீர்கள். ஓட்டத்தை நிறுத்திவிட்டு அன்றே மருத்துவரைப் பாருங்கள்.

வலியைப் பார்க்கும் முன் காலில் இருப்பதைப் பாருங்கள்

ஷூவின் முனையையும் குதிகால் பக்கத்தையும் இரண்டு கையால் பிடித்து மடக்குங்கள். விரல்கள் பாதத்தோடு சேரும் இடத்தில் மடங்கினால் சரி, கால் மடங்குவதும் அங்கேதான். நட்டநடுவில் புத்தகம்போல் இரண்டாக மடிந்தால் பாதத்தின் வளைவுக்கு அதனிடமிருந்து எந்த உதவியும் கிடைக்காது. அடுத்து குதிகாலைச் சுற்றி நிற்கும் சுவரைக் கட்டைவிரலால் அழுத்துங்கள். துணிபோல் சரிந்துவிட்டால் ஒவ்வொரு அடியிலும் குதிகால் பக்கவாட்டில் ஆடும். கடைசியாக உள்ளே இருக்கும் அட்டையை உருவித் தரையில் வைத்து அதன்மேல் நில்லுங்கள். சுண்டுவிரல் ஓரத்தில் வழிகிறதா, நீளமான விரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் மிச்சம் இருக்கிறதா என்று பாருங்கள். இந்த இரண்டு நிமிட வேலையைச் செய்யாமல் ஆறு வாரம் ஓடியதன் பலன் என்ன என்பது நகம் கறுத்த பகுதியில் வருகிறது.

எதில் ஓடலாம், எதில் கூடாது என்பதில் எனக்குத் தயக்கமில்லை. கேன்வாஸ் ஷூ: அடி தட்டையாக இருக்கும், மெத்தை இருக்காது, கொஞ்ச தூரத்துக்குப் பரவாயில்லை. டென்னிஸ், பேட்மிண்டன் ஷூக்கள் பக்கவாட்டுப் பாய்ச்சலுக்காகச் செய்தவை. கனமாக, விறைப்பாக இருக்கும், ஆனாலும் ஆரம்பத்துக்குத் தாராளமாகப் போதும். குமிழ்கள் வைத்த கால்பந்து ஷூவைத் தார்ச் சாலையில் போடவே கூடாது. உடல் எடை முழுவதும் அந்தச் சில குமிழ்களின் வழியாகத்தான் பாதத்தில் ஏறும். தோல் ஷூவும் வேண்டாம். விரலிடுக்கில் வார் மாட்டும் செருப்பில் ஓடினால் அது கழன்றுவிடாமல் இருக்க விரல்கள் ஒவ்வொரு அடியிலும் கொக்கிபோல் மடங்கிப் பிடித்துக்கொள்ளும், மாலைக்குள் உள்ளங்கால் இழுத்துக்கொள்ளும். குதிகாலைச் சுற்றி வார் உள்ள செருப்பின் கதை வேறு. மெக்சிகோவின் மலைப்பகுதியில் வாழும் ராராமுரி மக்கள் பழைய டயரை வெட்டிச் செய்த செருப்பில்தான் நெடுந்தூரம் ஓடுகிறார்கள். அவர்கள் சிறுவயது முதல் அப்படி ஓடுகிறவர்கள் என்பதையும் சேர்த்தே நினைவில் வையுங்கள்.

பரணில் ஐந்தாறு வருடமாகக் கிடக்கும் பழைய ஓட்ட ஷூவை நம்பி இறங்குபவர்களும் உண்டு. பார்க்கப் புதிதாகத் தெரிந்தாலும் சிலவகை நுரை காற்றின் ஈரத்தாலேயே உள்ளுக்குள் மட்கிவிடும், பசையும் காய்ந்துபோகும். வீட்டுக்குள் நூறு அடி நடந்து பாருங்கள். அடியிலிருந்து தூள் கொட்டினால் தூக்கிப் போட்டுவிடலாம்.

வெறுங்கால் ஓட்டத்தைப் பற்றிப் பேச்சு வந்தால் உடனே அபேபே பிகிலாவின் பெயர் வரும். எத்தியோப்பியாவின் பிகிலா 1960 ரோம் ஒலிம்பிக்கில் மாரத்தானை வெறுங்காலில் ஓடி 2 மணி 15 நிமிடம் 16 விநாடியில் வென்றார், உண்மை. நான்கு வருடம் கழித்து டோக்கியோவில் ஷூ போட்டுக்கொண்டு மூன்று நிமிடத்துக்கும் மேல் குறைத்து மறுபடி வென்றார். இந்த இரண்டாவது பாதியை யாரும் சொல்வதில்லை. வெறுங்காலில் ஓட விருப்பம் இருந்தால் வழுவழுப்பான, சுத்தமான தரையில் வாரம் இரண்டு முறை சில நிமிடம் போதும். வெயிலில் காய்ந்த தார்ச் சாலை வேண்டாம். டெட்டனஸ் தடுப்பூசி போட்டு எத்தனை வருடமாயிற்று என்று யோசித்துக்கொள்ளுங்கள். சர்க்கரை நோயால் பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்கள் வெறுங்காலில் ஓடவே கூடாது. முள் குத்தியதுகூடத் தெரியாமல் புண்ணாகிவிடும்.

இரண்டு நிமிடத்திலேயே மூச்சு வாங்குகிறது

இதற்கும் ஷூவுக்கும் சம்பந்தமில்லை. வேகம் அதிகம், அவ்வளவுதான். பக்கத்தில் ஆள் இருந்தால் முழு வாக்கியமாகப் பேசிக்கொண்டு வர முடிகிற வேகம்தான் உங்கள் வேகம். அது நடைபோலத் தெரிந்தாலும் பரவாயில்லை. நடப்பவர் ஒருவர் உங்களைத் தாண்டிப் போனாலும் பரவாயில்லை. எனக்கு அது பல முறை நடந்திருக்கிறது, ஒருமுறை தாண்டிப் போனவர் போனில் பேசிக்கொண்டே போனார்.

ஓட்டத்தையும் நடையையும் கலந்துகொள்ளுங்கள். 1996-இல் ஜோஷ் கிளார்க் என்பவர் புதியவர்களுக்காக எழுதிய ஒன்பது வாரத் திட்டம் இன்றும் உலகம் முழுக்கப் புழங்குகிறது. அதன் முதல் வாரத்தில் ஐந்து நிமிட நடைக்குப் பிறகு 60 விநாடி ஓட்டம், 90 விநாடி நடை என்று மாற்றி மாற்றி இருபது நிமிடம். வாரத்தில் மூன்று நாள். சரியான ஷூ இல்லாதவர்கள் அதில் ஒவ்வொரு வாரத்தையும் இரண்டு முறை செய்யலாம் என்பது என் யோசனை. ஒன்பது வாரம் பதினெட்டு வாரமாகும். ஆகட்டுமே.

மறுநாள் ஆடுசதை இரண்டும் கல்லாகிவிட்டன, படி இறங்க முடியவில்லை

இரண்டு காலிலும், உள்ளங்கையால் தடவிக் காட்டும் வலி, ஓடிய மறுநாளும் அதற்கடுத்த நாளும் உச்சத்தில் இருக்கிறது என்றால் பயப்பட ஒன்றுமில்லை. மூன்று நான்கு நாளில் அடங்கிவிடும். ஆனால் கேன்வாஸ் ஷூக்காரர்களுக்கும் வெறுங்கால்காரர்களுக்கும் இது ஏன் கூடுதலாக வருகிறது என்று தெரிந்துகொள்வது நல்லது, கீழே வரும் பல கோளாறுகளுக்கு அதுவே வேர்.

வழக்கமான ஓட்ட ஷூவில் குதிகால், விரல் பக்கத்தைவிட ஏறக்குறைய 8 முதல் 12 மில்லிமீட்டர் உயரத்தில் இருக்கும். தட்டை ஷூவில் அந்த உயரம் இல்லை. குதிகால் அவ்வளவு கீழே இறங்க வேண்டுமானால் ஆடுசதையும் அதன் அடியில் இருக்கும் குதிநாணும் அவ்வளவு நீண்டு கொடுக்க வேண்டும். இதோடு மெத்தை இல்லாததால் குதிகாலைத் தரையில் மோதக் கூச்சப்பட்டு, நமக்கே தெரியாமல் பாதத்தின் முன்பகுதியில் இறங்கப் பழகுகிறோம். டேனியல் லீபர்மன் குழுவினர் 2010-இல் 'நேச்சர்' இதழில் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் அளந்து காட்டியது. வெறுங்காலில் ஓடிப் பழகியவர்கள் பெரும்பாலும் முன்பாதத்தில் இறங்குகிறார்கள். குதிகாலில் இறங்கும்போது சட்டென்று ஏறும் அந்த முதல் அதிர்ச்சி அவர்களுக்குக் கிட்டத்தட்ட இல்லை. கேட்க இனிமையாக இருக்கிறது. ஆனால் அதிர்ச்சி மாயமாக மறைந்துவிடவில்லை, அந்த வேலையை இப்போது ஆடுசதை செய்கிறது. பல வருடம் உயரக் குதிகாலில் சொகுசாக இருந்த சதை திடீரென்று இத்தனை வேலை செய்தால் கல்லாகத்தான் செய்யும்.

செய்ய வேண்டியது: வலி இருக்கும்வரை நடை மட்டும். மறுபடி ஓடும்போது கடைசியாக ஓடியதில் பாதி. முன்பாதத்திலேயே தொங்கிக்கொண்டு ஓடாமல் ஒவ்வொரு அடியிலும் குதிகால் தரையை மெல்லத் தொட்டுவிட்டு எழட்டும். வலிக்கும் சதையை முரட்டுத்தனமாக இழுத்து நீட்டிவிடுவதால் பலனில்லை. என் அனுபவத்தில் அது கூடுதலாகவே வலித்தது.

கணைக்காலின் முன்எலும்பு ஓரம் வலிக்கிறது

தட்டை ஷூவில் தொடங்கியவர்கள் அதிகம் ஏமாறுவது இதில்தான். இங்கே விரல் சோதனையைப் பொறுமையாகச் செய்யுங்கள். உட்கார்ந்து காலை நீட்டி, முழங்காலுக்குக் கீழிருந்து கணுக்கால் வரை எலும்பின் உள்ஓரத்தைக் கட்டைவிரலால் அங்குலம் அங்குலமாக அழுத்திக்கொண்டே வாருங்கள்.

கீழ்ப்பாதியில் ஒரு விரற்கடை, இரண்டு விரற்கடை என்றில்லாமல் நீளமாக, ஐந்து சென்டிமீட்டருக்கு மேல் வலி படர்ந்திருந்தால், ஓட ஆரம்பிக்கும்போது வலித்து உடம்பு சூடானதும் மங்கினால், அது எலும்பின் மேலுறையும் அதை ஒட்டிய திசுக்களும் சுமை தாங்காமல் எரிச்சல் அடைந்திருப்பது. இதற்குக் காரணம் பெரும்பாலும் ஓடும் அளவு சட்டென்று கூடியது. எத்தனை நாள் ஓடினீர்கள் என்று நாட்காட்டியில் குறித்துப் பாருங்கள். நான் குறித்துப் பார்த்தேன்: முதல் வாரம் மூன்று நாள், இரண்டாம் வாரம் ஐந்து நாள், மூன்றாம் வாரம் ஏழு நாளும். அதற்குப் பிறகு ஷூவைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை.

ஒன்று, இரண்டு வாரம் ஓட்டம் வேண்டாம். வலிக்காத நடை, சைக்கிள், நீச்சல் இருக்கட்டும். வலிக்கும் இடத்தில் பத்துப் பதினைந்து நிமிடம் துணியில் சுற்றிய பனிக்கட்டி வைத்தால் இதமாக இருக்கும், நோய் அதனால் போய்விடாது. நடந்தாலும் அழுத்தினாலும் வலிக்கவில்லை என்று ஆன பிறகு ஒரு நாள் விட்டு ஒரு நாள், பழைய அளவில் பாதியிலிருந்து தொடங்குங்கள். சிமெண்ட் தரை வழியை விட்டுவிட்டுக் கெட்டியான மண் பாதை கிடைத்தால் அதில் ஓடுங்கள். ஒரு பக்கம் சாய்ந்த சாலை ஓரத்தில் எப்போதும் ஒரே திசையில் ஓடுவதும் வேண்டாம்.

மாறாக, அழுத்திக்கொண்டே வரும்போது ஒரு புள்ளியில் மட்டும் "ஆ" என்று காலை இழுத்துக்கொண்டால், அந்த இடம் ஓட ஓடக் கூடுதலாக வலித்தால், ஓடாமல் படுத்திருக்கும்போதும் இரவில் வலித்தால், எலும்பில் மயிரிழை விரிசல் விழுந்திருக்கலாம். பாதத்தின் மேற்புறத்தில், விரல்களுக்குப் பின்னால் இருக்கும் நீண்ட எலும்புகளிலும் இதே விரிசல் வரும். மெத்தை இல்லாத ஷூவுக்குத் திடீரென மாறியவர்களிடம் அந்த இடத்தைக் குறிப்பாகப் பார்க்க வேண்டும். தொடக்கத்தில் எக்ஸ்ரேயில் தெரியாமலே போகலாம் என்பதால் "எக்ஸ்ரே சரியாக இருக்கிறது" என்ற ஒரு வரியை நம்பி மறுபடி ஓடாதீர்கள், வலி தொடர்வதை மருத்துவரிடம் சொல்லுங்கள். பெரும்பாலும் ஆறு முதல் எட்டு வார ஓய்வு. அதை மூன்று வாரமாகச் சுருக்கப் பார்ப்பவர்கள் மூன்று மாதம் உட்கார்கிறார்கள்.

காலையில் எழுந்து முதல் அடி வைத்ததும் குதிகாலில் ஆணி குத்துகிறது

இரவு முழுக்கச் சுருங்கிக் கிடந்த உள்ளங்கால் சவ்வு முதல் அடியில் இழுபடுவதுதான் அது. பத்து அடி நடந்ததும் குறையும், நெடுநேரம் உட்கார்ந்து எழுந்தால் மறுபடி வரும். குதிகாலின் உள்பக்கத்தில் விரலால் அழுத்தினால் இடம் தெரிந்துவிடும்.

இங்கே காலில் இருப்பதன் மீது எனக்குச் சந்தேகம் உண்டு. நடுவில் மடியும் ஷூவும் விரலிடுக்குச் செருப்பும் இதை வளர்க்கும். வீட்டுக்குள் கடினத் தரையில் வெறுங்காலில் நடப்பதையும் சில வாரம் நிறுத்திவிட்டு, குதிகால் சற்று உயரமான செருப்பைப் போட்டுக்கொள்ளுங்கள். கட்டிலை விட்டு இறங்குவதற்கு முன்பே, உட்கார்ந்தபடி அந்தக் காலை மற்ற முழங்கால்மேல் போட்டு, விரல்களைக் கையால் முழங்காலை நோக்கி மடக்கிப் பத்து விநாடி பிடியுங்கள். உள்ளங்காலில் ஒரு வார் இறுகி நிற்பது மறு கைக்குத் தட்டுப்படும். பத்து முறை செய்தபின் எழுந்திருங்கள். உறையவைத்த தண்ணீர் பாட்டிலைத் தரையில் உருட்டுவதும் நல்லதே. ஆடுசதையை நீட்டும் பயிற்சியை விடக்கூடாது. மாதக்கணக்கில் இழுக்கும் தொல்லை இது, ஒரே வாரத்தில் போகவில்லை என்று மருந்துக் கடைக்கு ஓடாதீர்கள்.

குதிகாலுக்கு மேலே பின்புற நாண் தடித்து வலிக்கிறது

குதிகால் எலும்புக்கு இரண்டிலிருந்து ஆறு சென்டிமீட்டர் மேலே, இரண்டு விரலால் கிள்ளினால் வலிக்கும். காலையில் விறைப்பாக இருக்கும். ஆடுசதை முனகியபோது கேட்காமல் ஓடியவர்களுக்கு அடுத்து வரும் தண்டனை. தட்டை ஷூவில் ஓடுவதை உடனே நிறுத்துங்கள். மேட்டில் ஏறி ஓடுவதையும்.

சுவீடனின் ஹோகன் ஆல்ஃப்ரெட்சன் 1998-இல் வெளியிட்ட பயிற்சிக்குச் செலவில்லை, ஒரு படிக்கட்டு போதும். படியின் விளிம்பில் முன்பாதத்தில் நின்று, இரண்டு காலாலும் உயர்ந்து, வலிக்கும் காலில் மட்டும் எடையைப் போட்டுக் குதிகாலை மெல்லக் கீழே இறக்க வேண்டும். முழங்கால் நேராக வைத்துப் பதினைந்து முறை மூன்று சுற்று, முழங்காலைச் சற்று மடக்கி மறுபடி அதேபோல. நாளுக்கு இரண்டு வேளை, பன்னிரண்டு வாரம். சலிப்பான வேலை. அதைச் செய்யும்போது லேசாக வலிக்கலாம், தாங்க முடியாத அளவுக்குப் போகக்கூடாது. ஓடும்போது பின்னாலிருந்து யாரோ அடித்தாற்போல் "பட்" என்று சத்தம் கேட்டு, விரல்நுனியில் எழும்ப முடியாமல் போனால் நாண் அறுந்திருக்கலாம். அது அவசர சிகிச்சைக்கு உரியது.

முழங்காலின் முன்புறம் வலிக்கிறது, படி இறங்கும்போது அதிகம்

மெத்தை இல்லாத ஷூவால்தான் முழங்கால் போயிற்று என்று எல்லோரும் சொல்வார்கள். ஓடும்போது ஒவ்வொரு அடியிலும் உடல் எடையைப்போல் இரண்டு மூன்று மடங்கு விசை காலில் ஏறுவது உண்மைதான். ஆனால் அந்த விசை முழங்காலில் எவ்வளவு தங்கும் என்பதைக் கால் எங்கே போய் இறங்குகிறது என்பதும் தீர்மானிக்கிறது. உடம்புக்கு வெகு முன்னால் காலை எட்டிப் போட்டுக் குதிகாலை ஊன்றினால் ஒவ்வொரு அடியும் ஒரு சிறிய பிரேக்.

இதைப் பார்த்துவிட எளிய கணக்கு உண்டு. ஓடிக்கொண்டே 30 விநாடியில் வலது கால் எத்தனை முறை தரையைத் தொடுகிறது என்று எண்ணி நான்கால் பெருக்குங்கள். எனக்கு 38 வந்தது, நிமிடத்துக்கு 152 அடி. வேகத்தைக் கூட்டாமல் அடியைச் சுருக்கி இந்த எண்ணிக்கையை 5 முதல் 10 சதவீதம் கூட்டினால் முழங்காலில் விழும் சுமை குறைவதை ஆய்வகங்களில் அளந்திருக்கிறார்கள். எனக்கு அது 40 முதல் 42 வரை என்று ஆயிற்று. முதல் நாள் குழந்தைபோல் தத்தித் தத்தி ஓடுவதாகத் தோன்றும், நான்காம் நாள் மறந்துவிடும். கால் தரையில் விழும் சத்தம் குறைந்தால் சரியான வழியில் இருக்கிறீர்கள் என்று பொருள். ஆடுசதையில் அல்லது குதிநாணில் வலி உள்ளவர்கள் மட்டும் இந்த மாற்றத்தை மெதுவாகச் செய்யுங்கள்.

தொடை, இடுப்புத் தசைக்கான பயிற்சியும் வேண்டும்: நாற்காலியில் உட்கார்ந்து எழுவது, ஒருக்களித்துப் படுத்து மேல்காலைத் தூக்குவது. முழங்கால் வீங்கினாலோ, மடங்கி நீள முடியாமல் சிக்கிக்கொண்டாலோ, நிற்கும்போது வழுக்கிப் போவதுபோல் இருந்தாலோ எண்ணிக்கை விளையாட்டு வேண்டாம், மருத்துவரைப் பாருங்கள்.

கொப்புளம்

ஷூவும் காலுறையும் சேர்ந்து செய்யும் வேலை. ஈரம், சூடு, உரசல் மூன்றும் கூடினால் வரும். பருத்திக் காலுறை வியர்வையைக் குடித்து வைத்துக்கொள்ளும். செயற்கை இழைக் காலுறை மெல்லியதாக இருந்தாலும் இதற்கு மேல். ஷூவுக்கு வழியில்லாதவர்கள்கூட நல்ல காலுறை இரண்டு ஜோடி வாங்கிவிடலாம். உரசும் இடத்தில் ஓடும் முன் வாசலின் தடவுங்கள். குதிகால் ஷூவுக்குள் மேலும் கீழும் ஏறி இறங்கினால் கயிறு கோக்கும் துளைகளில் மேலே உள்ள கடைசி ஜோடியையும் சேர்த்துக் கயிற்றைக் கட்டுங்கள். பலரும் அந்தத் துளையைச் சும்மா விட்டுவிடுகிறார்கள். கொப்புளத்தின் மேல்தோலைப் பிய்க்காதீர்கள், அதைவிட நல்ல கட்டு கிடையாது. சுற்றிச் சிவப்பு பரவினாலோ சீழ் வைத்தாலோ மருத்துவரிடம் காட்டுங்கள்.

கால் பெருவிரல் நகம் கறுத்துவிட்டது

இதில் மட்டும் எந்தச் சந்தேகமும் இல்லை, ஷூ குட்டை. அல்லது கயிறு தளர்ந்து, இறக்கத்தில் பாதம் முன்னால் வழுக்கி நகம் முனையில் இடிக்கிறது. என் கேன்வாஸ் ஷூவின் உள் அட்டையை ஒருநாள் உருவிப் பார்த்தபோது பெருவிரல் அழுந்திய இடத்தில் அட்டை குழிந்து, குழியின் முன்விளிம்பு ஷூவின் முனையோடு ஒட்டிக்கொண்டிருந்தது. ஆறு வாரமாக ஒவ்வொரு அடியிலும் அந்த விரல் சுவரில் தலையை முட்டிக்கொண்டிருந்திருக்கிறது, நானோ அடிபட்டது எப்போது என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

நகத்துக்கு அடியில் ரத்தம் கட்டியிருப்பதுதான் அந்தக் கறுப்பு. வலி இல்லையென்றால் விட்டுவிடுங்கள். விண்விண் என்று தெறித்தால் முதல் ஓரிரு நாளுக்குள் மருத்துவர் சிறு துளையிட்டு ரத்தத்தை வெளியேற்றிவிடலாம். வீட்டில் ஊசியைச் சூடுபண்ணி இதைச் செய்யப் போகாதீர்கள். நகம் விழுந்து புது நகம் முழுதாக வளர ஒரு வருடம், அதற்கு மேலும் ஆகும். இடிபட்ட நினைவும் இல்லை, ஷூவும் தாராளமாக இருக்கிறது, கறுப்பு நகத்தோடு சேர்ந்து முன்னால் நகரவும் இல்லை என்றால் தோல் மருத்துவரிடம் காட்டிவிடுவது நல்லது.

பதினைந்து நிமிடத்தில் விரல்கள் மரத்துப்போகின்றன

கயிற்றைத் தளர்த்துங்கள். பாதி பேருக்கு இங்கேயே தீர்ந்துவிடும், ஓட ஓடப் பாதம் சற்று உப்பும் என்பதை மறந்து கட்டியிருப்பார்கள். தீராவிட்டால் ஷூ குறுகல். மூன்றாம், நான்காம் விரலுக்கு இடையில் எரிச்சலும், கூழாங்கல்லை மிதித்ததுபோன்ற உணர்வும் இருந்தால் அங்கே நரம்பு நசுங்குகிறது. அந்த ஷூவை இனிப் போடாதீர்கள்.

கணுக்கால் பிசகிவிட்டது

சாயாத சமதரையில் பகல் வெளிச்சத்தில் ஓடினால் பாதி தவிர்க்கலாம். பிசகிய பிறகு நான்கு அடிகூட எடை போட்டு நடக்க முடியவில்லை என்றாலோ, கணுக்கால் எலும்பு முண்டின் பின்விளிம்பை அழுத்தினால் வலித்தாலோ எக்ஸ்ரே எடுக்க வேண்டும். நடக்க முடிந்தால் கட்டு, காலை உயர்த்தி வைப்பது, ஓரிரு நாளில் மெல்ல அசைக்கத் தொடங்குவது. பிறகு பல் தேய்க்கும் நேரம் முழுக்க அந்த ஒற்றைக் காலில் நின்று பழகுங்கள்.

எதுவுமே வலிக்கவில்லை, மூன்றாவது வாரம்

இதையும் கோளாறாகவே சேர்க்கிறேன். மூச்சு பழகிவிட்டது, தசை பழகிவிட்டது, திடீரென்று ஓட்டம் சுகமாகிவிட்டது. மூச்சும் தசையும் சில வாரத்தில் பழகிவிடும். நாணுக்கும் எலும்புக்கும் மாதங்கள் வேண்டும். எலும்பு தன்னைப் பலப்படுத்திக்கொள்ளும் முறையே வேடிக்கையானது. சுமை கூடியதும் பழைய பகுதியைக் கரைத்துவிட்டுத்தான் புதியதைக் கட்டும், இடைப்பட்ட சில வாரம் முன்பைவிடச் சற்று பலவீனமாகவே இருக்கும். நாம் இரட்டிப்பாக ஓடத் துடிப்பதும் சரியாக அந்த வாரங்களில்தான். மூன்றாவது வாரத்தில் ஓடும் நிமிடங்களை இரண்டாவது வாரத்தின் அளவிலேயே நிறுத்திவையுங்கள். கால் கேட்டாலும் கொடுக்காதீர்கள்.

நல்ல ஷூ வாங்கிய பிறகுதான் வலியே ஆரம்பித்தது

சிரிக்க வேண்டாம், இது அடிக்கடி நடக்கிறது. தட்டை ஷூவில் இரண்டு மூன்று மாதம் ஓடிப் பழகிய காலுக்குத் திடீரென்று பத்து மில்லிமீட்டர் உயரக் குதிகாலும் தடித்த மெத்தையும் கிடைக்கிறது. ஆடுசதையின் சுமை குறைந்து முழங்காலுக்கு நகர்கிறது. போதாக்குறைக்கு, சொகுசாக இருக்கிறதே என்று அன்றே வழக்கத்தைவிட அதிக தூரம் ஓடியிருப்போம்.

புது ஷூவை முதல் சில நாள் நடைக்கு மட்டும் போடுங்கள். பிறகு ஒரு நாள் பழையது, ஒரு நாள் புதியது என்று மூன்று வாரம் மாற்றி மாற்றி. வாங்கப் போவதானால் பாதம் உப்பியிருக்கும் மாலை நேரத்தில், ஓடும்போது போடும் அதே காலுறையோடு போங்கள். இரண்டு பாதத்தில் பெரியதற்கு அளவு பாருங்கள். கடைக்குள்ளேயே சில அடி ஓடிப் பாருங்கள். ஓடிப் பழகப் பழகச் சரியாகிவிடும் என்று விற்பவர் சொன்னால் வேறு ஜோடி கேளுங்கள், ஓட்ட ஷூ முதல் நிமிடமே சரியாக இருக்க வேண்டும். பெட்டியைத் திறந்த தேதியை ஷூ நாக்கின் உள்பக்கத்தில் பேனாவால் எழுதிவைத்துக்கொள்ளுங்கள். 500 முதல் 800 கிலோமீட்டருக்குள் மெத்தை தளர்ந்துவிடும். அடுத்த முறை கணைக்கால் எலும்பு ஓரம் வலிக்கும்போது முதலில் பார்க்க வேண்டியது அந்தத் தேதியை.